கதிரும் கண்காணிப்பும்

1948ஆம் ஆண்டின் இறுதியில் திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிஷியின் இடக்கை முழங்கையருகே சிறு கட்டி ஒன்று தோன்றியது. 1949 பிப்ரவரியில் அதனை அறுத்தெடுத்தனர். புண் ஆறியது, ஆனால் சில வாரங்களில் கட்டி மீண்டும் வளர்ந்தது. மார்ச்சில் இரண்டாம் அறுவை நடந்தது. அது சார்க்கோமா என்னும் மென்திசுப் புற்றுநோய் எனத் தெரியவந்தது. ரேடியம் கொண்டு கதிர்வீச்சுச் சிகிச்சையும் அளித்தனர். நோயாளி மருந்தைத் தேடிச் செல்வது வழக்கம். அண்ணாமலையை விட்டு அகலாத அவரைத் தேடி மருந்தே வந்தது. கையை அகற்றும் யோசனையை அவர் ஏற்கவில்லை. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரு அறுவைகள் நடந்தன. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார்.

மருத்துவர்களின் திறமைக் குறைவாக இதனைக் கருதுதல் தகாது. கட்டி எதுவரை வேரோடியிருக்கிறது என்பதைக் காட்டும் கருவி அன்று இல்லை. எக்ஸ் கதிர்ப்படம் எலும்பைத் தெளிவாகக் காட்டும்; மென்திசுவை அவ்வாறு காட்டாது. 1898இல் கியூரி இணையர் கண்டறிந்த ரேடியத்திற்கும் ஓர் எல்லை உண்டு. தொலைவு இருமடங்கானால் கதிரின் வலிமை நான்கில் ஒன்றாகக் குறையும். அருகிலுள்ள திசு மிகுதியாகவும் ஆழத்திலுள்ளது குறைவாகவும் கதிரைப் பெறும்.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அங்கு 1957இல் கோபால்ட் கருவி நிறுவப்பட்டது. உடலுக்கு வெளியே இருந்து, பல திசைகளில் கதிரைச் செலுத்தி ஆழத்திலுள்ள கட்டியைத் தாக்க இத்தகைய கருவி உதவியது. இன்று சி.டி. ஸ்கேன் படத்தில் கட்டியின் எல்லையை வரைந்த பின்னரே கதிரின் அளவை முடிவு செய்கின்றனர்.

அந்த அளவை ஒரே நாளில் கொடுத்துவிட இயலாது. பெரும்பாலும் நாளொன்றுக்கு 2 கிரே அளவில், வாரத்திற்கு 5 நாள்கள் எனப் பல வாரங்கள் அளிப்பர். கதிர் இருவகைச் செல்களையும் தாக்கும். இடைப்பட்ட நேரத்தில் நலமான செல்கள் பழுதைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்களுக்கு அத்திறன் குறைவு. நாள்கள் தவறினாலோ, எஞ்சிய புற்றுச் செல்கள் பெருகிவிடும். செங்கத்திலிருந்தோ போளூரிலிருந்தோ வேலூருக்கும் சென்னைக்கும் செல்லும் கூலித் தொழிலாளிக்கு இது எளிதன்று. பேருந்துச் செலவு ஒருபுறம், இழந்த கூலி மறுபுறம். வலி சற்றுத் தணிந்ததும் ஊர் திரும்பிவிடத் தோன்றும். தோல் கருத்து, வாய் புண்ணாகி, உணவு இறங்காத வாரங்களும் அப்போதுதான் வரும்.

ஆகவே வாரந்தோறும் மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார். எடை, தோல், வாய் ஆகியவற்றைச் சோதிக்கிறார். தேவைக்கேற்ப இரத்த அணுக்களையும் எண்ணச் செய்கிறார். எடை மிகக் குறைந்தால் முகத்தை அசையாமல் பிடிக்கும் உறை தளர்ந்துபோகும். கதிர் சில மில்லிமீட்டர் விலகினாலும் உமிழ்நீர்ச் சுரப்பியையோ தண்டுவடத்தையோ தாக்கக்கூடும். அந்நிலையில் மீண்டும் ஸ்கேன் எடுத்துப் புதிய திட்டம் வகுப்பர்.

சிகிச்சை முடிந்த பின்னரும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் சில மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொல்கின்றனர். கையில் தோன்றிய சார்க்கோமா, கை முற்றும் குணமான பின்னரும் நுரையீரலில் தலைகாட்டக்கூடும். எனவே தழும்பைத் தடவிப் பார்ப்பதோடு மார்பையும் படம் எடுக்கின்றனர்.