விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும்?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வரை சுமார் 15,300 கி.மீ. இடையில் எங்கும் இறங்காத விமானத்திலேயே 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிக்கெட்டைப் பார்த்தாலோ ஆறேழு மணி நேரப் பயணம் போலத் தெரியும்!

1. புறப்படும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து அப்படியே கழிக்காதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சாகின்றன. நள்ளிரவு 12-க்குக் கிளம்பி, அதே தேதியில் காலை 6.30-க்கு இறங்குவதாக இருந்தால், கூடவே 12 மணி நேரத்தைச் சேருங்கள். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13. நியூயார்க் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும், சிங்கப்பூர் அசையாது.

2. கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு.

3. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைக்காதீர்கள். துருவப் பக்கம் இழுபட்டிருக்கும். பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடியுங்கள், குறுக்குவழி தெரியும்.

4. திரும்பும் நேரத்தைத் தனியாகப் பாருங்கள். லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறத்தாழ 8 மணி நேரம், திரும்ப 7 போதும். மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது.