குளிர்ந்த எஞ்சின், கொதிக்கும் முள்

கேள்வி: என்னிடம் 1996-ம் வருடத்து கார்பரேட்டர் கார் இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பினால் போதும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டெம்பரேச்சர் முள் ‘எச்’ வரை போய் நின்றுவிடுகிறது. எஞ்சினைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. ரேடியேட்டர் அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சூடே ஆகாத எஞ்சினை மீட்டர் எப்படிச் சூடு என்று காட்டும்?
– வாசகர், உதகை

பதில்: எஞ்சினைத் தொட்டுப் பார்த்தீர்களே, அங்கேயே பாதி வேலை முடிந்தது. இரவெல்லாம் உதகைக் குளிரில் நின்ற எஞ்சின், சாவி போட்ட சில நொடிகளில் கொதிக்க வழியே இல்லை. எஞ்சின் ஓடாதபோது ரேடியேட்டருக்கு வேலையும் இல்லை. அதனால் ரேடியேட்டர் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

அந்த முள்ளை நாம் எல்லோரும் வெப்பமானி என்றே நினைக்கிறோம். உண்மையில் அதற்குச் சூடு, குளிர் எதுவும் தெரியாது. தன் வழியாக எவ்வளவு மின்சாரம் போகிறது என்பது மட்டும்தான் தெரியும். சூட்டை உணர்வது எஞ்சினில் கூலன்ட் ஓடும் பாதையில் திருகப்பட்டிருக்கும் சிறிய பித்தளை சென்சார். அதற்குள் தெர்மிஸ்டர் இருக்கிறது; சூடு ஏற ஏற மின்தடை குறையும் சிறு வில்லை அது. சாதாரணச் செம்புக் கம்பியில் சூடு ஏறினால் தடை கூடும், இதில் நேர்மாறு. வெள்ளி சல்ஃபைடில் இந்த விசித்திரத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனித்து எழுதியிருக்கிறார்.

உங்கள் காலத்துக் கார்களில் பெரும்பாலும் சென்சாருக்கு ஒரே ஒயர்தான். மின்சாரம் மீட்டரிலிருந்து அந்த ஒயர் வழியாக சென்சாருக்கு வந்து, அதன் மரை வழியாக எஞ்சின் இரும்பில் இறங்கிவிடும். இப்படி வண்டியின் உடம்பில் இறங்குவதைத்தான் எர்த் என்கிறோம். எஞ்சின் குளிர்ந்திருந்தால் தடை அதிகம், மின்சாரம் குறைவு, முள் ‘சி’யில் கிடக்கும். சூடானால் தடை குறைந்து முள் ஏறும். இனி அந்த ஒயர் எங்கோ ஓரிடத்தில் உரசி, மேலுறை தேய்ந்து, எஞ்சினைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் சென்சார் வரை போகாமலே தடையின்றி எர்த்தில் இறங்கும். முள் நேராக ‘எச்’சுக்குப் போகும். உங்கள் வண்டியில் நடப்பது இதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சோதித்துப் பாருங்கள். சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றி, எதையும் தொடாமல் பிடித்துக்கொண்டு சாவியைப் போடச் சொல்லுங்கள். முள் ‘சி’யிலேயே இருந்தால் சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்போதும் ஏறினால் ஒயரிலோ மீட்டரிலோ கோளாறு. மீட்டருக்குப் பின்னால் அதே ஒயரைக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தாறுமாறாகக் காட்டுகிறதா என்றும் கவனியுங்கள். சில பழைய கார்களில் இரண்டு மீட்டருக்கும் சீரான வோல்டேஜ் கொடுக்க ஒரே ஸ்டெபிலைசர் உண்டு. இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முள் ‘சி’யை விட்டு எழவே இல்லையென்றால் சோதனை தலைகீழ்: கழற்றிய ஒயரை ஒரு கணம் எஞ்சினில் தொட்டு எடுங்கள். முள் ஏறினால் ஒயரும் மீட்டரும் நலம். சென்சாரையோ அதன் எர்த்தையோ பாருங்கள். ஒழுகாமல் இருக்க மரையில் டெஃப்லான் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றுவார்கள். அதுவே எர்த்தைக் கெடுத்துவிடும்.

சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரோடு அடுப்படிக்கே கொண்டுபோகலாம். பாத்திரத்து நீரில் அதன் முனையை நனைத்துச் சூடாக்கினால் ஓம் அளவு சீராக இறங்கிக்கொண்டே வர வேண்டும். கம்ப்யூட்டர் வைத்த கார்களில் பரவலாக உள்ள ஒரு வகை, 20 டிகிரியில் சுமார் 2,500 ஓமும் 80 டிகிரியில் 300 ஓம் அளவும் காட்டும். பழைய மீட்டர் சென்சார்களின் கணக்கு வேறு. எண்ணை சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். நூறு டிகிரிக்கான எண்ணை எதிர்பார்த்து நல்ல சென்சாரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

புதிய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இந்த ஒயர் வித்தையைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அவற்றில் சென்சார் பேசுவது கம்ப்யூட்டரோடு. ஸ்கேனரை மாட்டி, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பத்தையும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிட்டால் போதும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால், நீலகிரியில் எந்தக் குளிரும் அதற்குக் காரணம் ஆகாது; ஒயர் அறுந்திருக்கிறது.

மலையில் ஓட்டுகிறவர் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். சென்சார் சரியாகக் காட்ட, அது கூலன்ட்டில் மூழ்கியிருக்க வேண்டும். கூலன்ட் ஒழுகித் தீர்ந்துவிட்டால் சென்சாரைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும்தான். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வழியில் உயரத்தில் நின்ற முள் திடீரென்று ‘சி’க்கு விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். உடனே ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். மூடியைத் திறக்க அவசரப்பட வேண்டாம். உள்ளே அழுத்தம் இருப்பதால் நூறு டிகிரியைத் தாண்டிய நீரும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். திறந்த கணமே முகத்தில் சீறும். ரேடியேட்டரைக் கை வைத்துத் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, கனமான துணியைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள்.