கேட்டுப் பெறுகிற கல்வி

கிராமாந்தரங்களில் உள்ள அரசாங்கக் கல்லூரிகளைப் பற்றித் திருவனந்தபுரம் நகரவாசிகளிடையே நெடுநாளாக ஓர் அபிப்பிராயம் நிலைத்திருக்கிறது. பாளையத்து யூனிவர்சிட்டி காலேஜிலும் வழுதக்காட்டுப் பெண்கள் கல்லூரியிலும் இடம் கிடைக்காதவர்கள் போய் ஒதுங்குகிற இடங்கள் அவை என்பதே அது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், குஞ்ஞுகிருஷ்ணன் நாடாரின் நினைவைப் பெயரில் தாங்கி எண்பதுகளின் தொடக்கத்தில் எழுந்த காஞ்சிரங்குளம் அரசுக் கல்லூரியில், பத்தாம் வகுப்புக்குப் பிந்திய படிப்பாக அன்றிருந்த ப்ரீ டிகிரி படித்துவிட்டுப் பின்னர் அதே யூனிவர்சிட்டி காலேஜுக்குச் சென்று பட்டம் பெற்றவன் என்ற முறையில், இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டென்று கருதுகிறேன். கல்லூரி வாழ்வை இனித் தொடங்கப்போகும் நாட்டுப்புறத்துப் பிள்ளைகளுக்குப் பிரயோஜனப்படக்கூடும் என்ற நம்பிக்கையில், நான் கண்டறிந்த சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் பலராமபுரம். தலைநகரிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் சுமார் 14 கிலோமீட்டரில் இருப்பது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராமவர்மா மகாராஜாவின் காலத்தில் தெற்கேயிருந்து அழைத்துவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட, நெசவுத் தொழில் செய்யும் சாலியர்களின் தெருக்கள் அங்கே இன்றும் உள்ளன. வீட்டுக்குள் தமிழும் தெருமுனையைத் தாண்டினால் மலையாளமுமாக வளர்ந்த எங்களுக்கு, விடியற்காலை என்பது படிப்புக்குரிய நேரமன்று. தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி தூரிகையால் வாரிவிடும் வேலை வெயில் ஏறுவதற்கு முன் முடிந்தாக வேண்டியிருந்ததால், வீட்டிலுள்ள கைகள் அத்தனையும் அப்போது அதற்கே வேண்டியிருந்தன. இத்தகைய வீட்டிலிருந்து வருகிறவனுக்கு, நடந்தோ பஸ்ஸிலோ போய்த் திரும்பக்கூடிய தொலைவில் ஒரு கல்லூரி இருப்பதும், மாலையில் அவன் மீண்டும் தறிக்கருகே இருக்க முடிவதும் எத்துணைப் பெரிய அனுகூலம் என்பதை விடுதியில் தங்கிப் படித்தவர்கள் எளிதில் உணரமாட்டார்கள்.

நான் முதலாவதாகச் சொல்ல விரும்புவது காகிதங்களைப் பற்றி. வருமானச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை, சேர்க்கைக்கான அறிவிப்பு வந்த பிறகு வில்லேஜ் ஆபீஸ் வாசலில் கூட்டத்தோடு நின்று வாங்குவதைக் காட்டிலும், பரீட்சை முடிந்த கையோடு வாங்கிப் பத்திரப்படுத்திவிடுவது உத்தமம். இப்போது அக்ஷயா இணையச் சேவை மையங்களில் விண்ணப்பித்துவிடலாம். தகுதியுடையவர்களுக்குரிய உதவித்தொகையும் இ-கிராண்ட்ஸ் என்னும் இணையதளத்தின் வழியாகவே வருகிறது. ஆயினும் கேட்காதவனுக்கு எதுவும் தானாக வந்து சேர்வதில்லை என்ற பழைய நியதி மட்டும் மாறவில்லை. பஸ் கட்டணச் சலுகை அட்டையும் அவ்வாறே; கல்லூரி திறந்த வாரத்திலேயே அதற்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஆசிரியர்களைப் பற்றியது. என் அனுபவத்தில் இதுவே யாவற்றிலும் பெரியது. அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் மூலம் தேர்வு பெற்று, மலபாரின் கோடியிலிருந்தும்கூட வந்து சேர்பவர்கள். சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறவர்கள். குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வாடகை அறையில் தங்கியிருக்கும் அத்தகைய ஆசிரியருக்கு மாலையில் அவசரமாகத் திரும்ப வேண்டிய வீடு இல்லை. எனவே வகுப்பு முடிந்த பின்னும் அவரிடம் நேரம் இருக்கும். பொருளாதாரம் கற்பித்த ஒருவரிடம் சந்தேகம் கேட்கப் போய், ஆசிரியர் அறையின் வாசலிலேயே நான் தயங்கி நின்றபோது, "உள்ளே வா மக்களே, வாசலில் நின்றால் சந்தேகம் தீருமா?" என்று அவர் அழைத்தார். எங்கள் வீட்டுத் தொழிலை விசாரித்தறிந்து, சிட்டா நூலின் விலையையும் சூரத்திலிருந்து வரும் கசவின் விலையையும் ஒரு புடவைக்குக் கிடைக்கும் கூலியையும் வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்னார். மறுநாள் அக்கணக்கை மேஜைமேல் விரித்து, நூல் விலை ஏறும்போது புடவை விலை ஏன் அதே வேகத்தில் ஏறுவதில்லை என்பதையும், அந்த வித்தியாசம் யாருடைய கூலியில் போய் விழுகிறது என்பதையும் என்னைக்கொண்டே சொல்லவைத்தார். தேவை, அளிப்பு என்று பாடப்புத்தகத்தில் உயிரின்றிக் கிடந்த வார்த்தைகள் அன்றைக்கு எங்கள் தெருவின் விஷயமாக மாறிவிட்டன. ஆகையால், ஆசிரியர் மாற்றலாகிப் போவதற்கு முன், அவர் அறிந்ததில் உங்களுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகப் பாஷையின் சிரமம். பாடம் ஆங்கிலத்திலும் விளக்கம் மலையாளத்திலுமாக நடக்கும் வகுப்பில் தமிழ் வீட்டுப் பிள்ளை திகைப்பது இயல்பே. குறிப்பை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, அன்றிரவே அதைத் தாருக்கு நூல் சுற்றிக்கொண்டிருக்கும் என் தாயாருக்குத் தமிழில் சொல்லிக்காட்டும் வழக்கத்தை நான் கைக்கொண்டேன். எழுத்தறியாத அவர், "அதெப்படிடா அப்படியாகும்?" என்று எங்கே குறுக்கிட்டாரோ, அங்கேதான் எனக்கும் விளங்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

நான்காவது, உடன் படிப்பவர்கள். புல்லுவிளை, கருங்குளம் கரைகளிலிருந்து வரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும், மரச்சீனியும் வாழையும் பயிரிடுவோர் வீட்டுப் பிள்ளைகளும், எங்களைப் போன்ற தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தும், முதல் சில மாதங்கள் அவரவர் ஊர்க்காரரோடு மட்டுமே சம்பாஷித்து வந்தோம். அந்தச் சுவரை இடித்தது 1969-இல் தேசமெங்கும் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாம். ஒரே பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சிக் குடித்து, ஒரே வாய்க்காலைத் தூர்வாரிய பிறகு, பரீட்சைக்குக் கூடிப் படிப்பதற்கு யாரும் யாரையும் தனியே அழைக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் சேவை கோரும் அத்திட்டத்தில் சேர்வதை நேர விரயம் என்று எண்ணாதீர்கள்.

ஐந்தாவது, நூலகம். கல்லூரி நூலகத்தில் இல்லாத புத்தகம் ஊர் வாசகசாலையில் இருக்கக்கூடும்; 1945-இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் தொடங்கிவைத்த கிரந்தசாலை இயக்கத்தின் பயனாக, கேரளத்தில் வாசகசாலை இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. அங்கும் இல்லையெனில் 1829-இல் நிறுவப்பட்ட தலைநகரத்துப் பொது நூலகம் இருக்கிறது. வேலைநிறுத்தத்தால் வகுப்பு நடைபெறாத நாட்கள் எங்கள் காலத்தில் ஏராளம்; அவற்றை வாசகசாலையில் கழித்தவனுக்கும் கவலையில் கழித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் மதிப்பெண் பட்டியலில் தெரிந்தது.

பின்னர் நான் போய்ச் சேர்ந்த யூனிவர்சிட்டி காலேஜ் 1866-இல் கல்லூரியாக உயர்ந்தது. 1891-இல் 'மனோன்மணீயம்' வெளியிட்ட சுந்தரம் பிள்ளை தத்துவம் போதித்த இடம். அதன் பெருமைக்கு நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் பெரிய கல்லூரியில் மாணவன் கூட்டத்தில் மறைந்துவிடுவது எளிது. அங்கே நான் மறையாமல் இருந்ததற்குக் காரணம், ஆசிரியர் அறைக்குள் தயங்காமல் நுழையும் பழக்கத்தைக் காஞ்சிரங்குளத்திலேயே பெற்றிருந்ததுதான்.

இன்று ப்ரீ டிகிரி இல்லை; 2024 முதல் கேரளத்தில் நான்காண்டு இளங்கலைப் படிப்பு நடைமுறைக்கு வந்து, மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்துடன் வெளியேறவும், நான்காம் ஆண்டு தொடர்ந்து ஹானர்ஸ் பெறவும் வசதி ஏற்பட்டிருக்கிறது. பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பெருகப் பெருக, விசாரித்தறிந்து தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் மாணவனிடமே அதிகம் வந்து சேர்கிறது. ஆதலால் பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பக்கத்து அரசுக் கல்லூரியை இரண்டாந்தரம் என்று ஒதுக்கிவிட்டு, கடன் வாங்கித் தூரத்துக்கு அனுப்புவதற்கு முன், பிள்ளையோடு ஒரு நாள் அங்கே நேரில் போய் அலுவலகத்திலும் நூலகத்திலும் ஆசிரியர்களிடத்திலும் விசாரித்துப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.