குழந்தையின் துணை ஆகாரமும் இரும்புச் சத்தும்

சின்ன காஞ்சிபுரத்தில் குழித்தறியருகே தொட்டிலிற் கிடக்கும் சிசுவாயினும், பாலாற்றங்கரை நிலக்கிழார் வீட்டுச் சிசுவாயினும், பிறக்கும்போது கொணர்ந்த இரும்புச் சத்து ஏறக்குறைய 6 மாதத்திற்கே போதும். அதன்பின் தாய்ப்பாலுடன் துணை ஆகாரமும் அவசியம். தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உண்டென்று 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவிக்கின்றது.

கேழ்வரகுக் கூழ் ஒன்றே போதுமென்று பலர் கருதுகின்றனர். கேழ்வரகில் இரும்பு உண்டு. ஆயினும் அதிலுள்ள பைட்டிக் அமிலமும் துவர்ப்புப் பொருளும் அவ்விரும்பைக் குடலிற் சேரவொட்டாமல் தடுக்கின்றன. தானியத்தை ஓரிரவு ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து மாவாக்கினால் இத்தடை குறையும். கூழ் ஆறியபின் எலுமிச்சை அல்லது நெல்லிச்சாறு சில துளிகள் சேர்த்தல் நலம். கொதிக்கும்போது சேர்த்தால் பயன் பெரிதும் கெடும். புலால் உண்போர் மீனோ இறைச்சியோ மசித்து ஊட்டலாம். அவ்விரும்பு எளிதிற் சேரும். குழந்தைக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருப்பது வருந்தத்தக்கதே.

பிறிதொரு காரணமும் உண்டு. அதனைக் கவனிப்போர் சிலரே. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அடிக்கடி கண்ட குழந்தையின் உடலில் அழற்சி நீடிக்கும். அப்போது கல்லீரல் ஹெப்சிடின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரந்து, குடலினின்று இரும்பு இரத்தத்திற்குச் செல்லும் வழியை அடைத்துவிடும். நல்ல கூழ் ஊட்டியும் சோகை தீராமைக்கு இது ஒரு காரணம். அச்சமயம் சோதித்தால் ஃபெர்ரிட்டின் அளவு உயர்ந்தே காணும். அதனைக்கொண்டு குறைவில்லையென முடிவு செய்யலாகாது. ஆகையால் கூழ் கரைக்கும் நீர் கொதித்து ஆறியதா என்பதையும், மேல்நிலைத் தொட்டியில் குளோரின் முறையாக இடப்படுகின்றதா என்பதையும் கிராம அதிகாரிகள் விசாரித்தல் தகும்.