துணி வைத்தால் புற்றுநோய் வருமா?

பேராவூரணிப் பக்கம் பெண்கள் கூட்டத்தில் மாதவிடாய்க்கான துணி நாப்கினைக் கையில் எடுத்தாலே போதும். "அய்யோ சிஸ்டர், துணி வச்சா கர்ப்பப்பையில கேன்சர் வந்துரும்னு சொல்றாங்களே" என்று ஒரு குரல் வந்துவிடும். யார் சொன்னது என்று கேட்டால் பதில் இருக்காது. பட்டம் படித்த பெண்களும் இதையே ஒப்பிக்கும்போது ஒரு செவிலியராக எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம்பிக்கை: துணியால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும்.

உண்மை: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம், உடலுறவு வழியாகத் தொற்றும் எச்.பி.வி. வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மன் மருத்துவர் ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-இல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று. நீங்கள் துணி வைத்தாலும் விலை உயர்ந்த நாப்கின் வைத்தாலும் அந்த வைரஸுக்கு ஒன்றுதான். காப்பாற்றுபவை தடுப்பூசியும் பரிசோதனையும். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி ஒரே ஒருமுறை பரிசோதித்தார்கள். இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது. "நான்தான் பேடுக்கு மாறிட்டேனே" என்று நிம்மதியாகப் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுகிறார்களே, அதுதான் இந்த வதந்தி செய்யும் பெருங்கேடு.

துணியைக் கண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. ஒடிசா மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்தி, கழிப்பறையில் ஒளித்து வைத்த பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று அதிகம் இருந்தது. நம் வீடுகளிலும் அதே கதைதான். பாவாடைக்கு அடியில் போட்டு மறைக்கிறோம், அரை ஈரத்தோடு மடித்துப் பரணில் செருகுகிறோம். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் கொடியில் காயப் போடுங்கள். ஆம்பளைகள் பார்த்தால் பார்க்கட்டும்!

வதந்திக்குப் பயந்து வாங்கிய நாப்கின் எங்கே போகிறது? மாதம் 12 என்று வைத்தாலும் தாயும் இரண்டு மகள்களும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 432. மேலும் கீழும் பிளாஸ்டிக், நடுவில் ஈரத்தை உறிஞ்சி உப்பும் பாலிமர். புதைத்தால் மட்காது, அடுப்பில் போட்டால் நச்சுப்புகை. நாம் கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரர்கள். வாய்க்காலில் வீசினால் உப்பிப்போய் மதகு ஷட்டரில் வந்து அடைக்கும். கேரிபேக்கில் முடிந்து காய்கறிக் கழிவோடு கொடுத்தால், தூய்மைப் பணியாளர் அதைக் கையால் பிரிக்க வேண்டும். தனியாகச் சுற்றிக் கொடுக்கச் சொல்லி 2016-லேயே விதி வந்துவிட்டது. நாப்கினுக்கு மாற்று, உள்ளே வைத்து உதிரத்தைச் சேகரித்து, கொட்டிக் கழுவி மறுபடி பயன்படுத்தும் மாதவிடாய்க் கப். அதைப் பற்றியும் வதந்திகள் உண்டு.

நம்பிக்கை: கப் கர்ப்பப்பைக்குள் போய்விடும்.

உண்மை: போக வழியே இல்லை. கர்ப்பப்பை வாய் அவ்வளவு குறுகல். காப்பர்-டி போட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கப் கன்னித்தன்மையைக் கெடுக்கும்.

உண்மை: கன்னித்தன்மையைக் கண்டுபிடிக்க மருத்துவத்தில் சோதனையே கிடையாது. மனம் ஒப்பாவிட்டால் துணி நாப்கின் இருக்கிறது. அதற்கும் 2021-இல் இந்தியத் தர நிர்ணயம் வந்துவிட்டது.

நம்பிக்கை: இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிவராது.

உண்மை: கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019-இல் 'திங்கள்' திட்டத்தில் 5,000 கப் கொடுத்தது. கும்பளங்கி ஊராட்சி 2022-இல் நாப்கின் இல்லா ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அங்கும் வயலும் வாய்க்காலும்தான்.

'புதுயுகம்' திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் தரும் நம் அரசு, விரும்புகிறவர்களுக்குத் துணி நாப்கினும் தர வேண்டும். 30 தாண்டிய அக்காமார்களே, எதை வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு வாங்குவதில்லை.