ஸ்டாண்டர்ட் யூசராக மாற்றினால் டிசைன் ஃபைல் தப்பிக்குமா?

கேள்வி: பெரிய காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிறோம். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். நான் புடவை டிசைன் போடுகிறேன், தம்பி ஜி.எஸ்.டி. பில் போடுகிறான், பத்தாவது படிக்கும் மகன் விளையாடுகிறான். எல்லோரும் ஒரே பெயரில்தான் உள்ளே போகிறோம். போன மாதம் மகன் ஒரு கரை டிசைனை பெயின்ட்டில் திறந்து, உயரத்தை மாற்றி, அப்படியே சேவ் செய்துவிட்டான். அட்டை போட்டு ஜக்கார்டில் ஏற்றி, ஒரு முழம் நெய்த பிறகுதான் அன்னத்தின் கழுத்து நீண்டிருப்பது தெரிந்தது. அவனை ஸ்டாண்டர்ட் யூசராக மாற்றினால் போதும் என்கிறார் நண்பர். போதுமா? விண்டோஸ் 11 இருக்கிறது. டிசைன்கள் எல்லாம் டி டிரைவில் இருக்கின்றன.

பதில்: மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. உங்கள் கடைசி வரியிலேயே காரணம் இருக்கிறது: டிசைன்கள் டி டிரைவில் இருக்கின்றன.

ஒருவரை ஸ்டாண்டர்ட் யூசர் ஆக்கினால், கம்ப்யூட்டர் முழுவதையும் பாதிக்கும் வேலைகளை அவர் தானாகச் செய்ய முடியாது. விண்டோஸ் ஃபைல்களைத் தொடுவது, எல்லோருக்குமாக ஒரு சாஃப்ட்வேரை நிறுவுவது, அடுத்தவர் பெயரில் உள்ள டாக்குமென்ட்ஸைத் திறப்பது எல்லாம் தடைபடும். டி டிரைவின் கதை வேறு. விண்டோஸில் அப்படி ஒரு டிரைவை உருவாக்கும்போது, உள்ளே நுழைந்த யார் வேண்டுமானாலும் அதிலுள்ள ஃபைலை மாற்றலாம், அழிக்கலாம் என்ற அனுமதி வழக்கமாகத் தானாகவே வந்துவிடும். வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு பீரோவைத் திறந்து போட்ட மாதிரிதான். உங்கள் மகன் ஸ்டாண்டர்ட் யூசராக இருந்திருந்தாலும் அந்த அன்னத்தின் கழுத்து நீண்டிருக்கும்.

ஆகவே வேலை இரண்டு. முதலில் அக்கவுன்ட்.

செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ். அங்கே தம்பிக்கும் மகனுக்கும் தனித்தனியாக அக்கவுன்ட் சேருங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கேட்டால், அது இல்லாமலே சேர்க்கும் வழியும் அடுத்தடுத்த திரைகளில் இருக்கும். புதிதாகச் சேர்ப்பவை ஸ்டாண்டர்டாகவே வரும். மாற்ற வேண்டுமானால் பெயரின் கீழ் 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' இருக்கிறது. இப்போது எல்லோரும் நுழையும் பழைய பெயர்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். விண்டோஸை நிறுவும்போது உருவாகும் முதல் அக்கவுன்ட் எப்போதும் அப்படித்தான். அதன் பாஸ்வேர்டையும் பின் நம்பரையும் இன்றே மாற்றுங்கள். வீட்டில் எல்லோருக்கும் பழைய எண் தெரிந்திருக்கும்வரை மற்றது எதுவும் பலிக்காது.

உங்களுக்கும் அன்றாட டிசைன் வேலைக்கு ஒரு ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கும்போது விண்டோஸ் பொதுவாக 'யெஸ்', 'நோ' என்றுதான் கேட்கும், அவசரத்தில் கை யெஸ்ஸை அழுத்திவிடும். ஸ்டாண்டர்டாக இருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கேட்கும், அதை அடிக்கும் நேரத்தில் யோசிக்க ஒரு கணம் கிடைக்கும். 2001-ல் வந்த எக்ஸ்பி காலத்தில் வீட்டில் பெரும்பாலும் எல்லோருமே அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தார்கள். இப்படிக் கேட்கும் முறை அதற்கடுத்த விஸ்டாவில்தான் வந்தது. பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

இரண்டாவது, டிசைன் ஃபோல்டர். இதில்தான் நிதானம் வேண்டும். தொடுவதற்கு முன் ஃபோல்டர் முழுவதையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து, ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. அங்கே 'டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' என்ற பட்டனை அழுத்துங்கள். டி டிரைவிலிருந்து தானாக இறங்கிவரும் அனுமதி அத்துடன் நிற்கும். இரண்டு வழி காட்டும். இருக்கும் அனுமதிகளை அப்படியே மாற்றி வைத்துக்கொள்ளும் முதல் வழியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பட்டியலில் 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்', 'யூசர்ஸ்' இரண்டையும் நீக்குங்கள். 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' இரண்டையும் தொடவே கூடாது. இப்போது உங்கள் அன்றாட அக்கவுன்ட்டைச் சேர்த்து 'மாடிஃபை' கொடுங்கள். தம்பி டிசைனைப் பார்த்து பிரின்ட் எடுத்தால் போதுமென்றால் அவருக்கு 'ரீட்' மட்டும். மகனைச் சேர்க்கவே வேண்டாம். அவனுக்கும் டிசைன் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், தடுக்காமல் 'ரீட்' கொடுங்கள். திறந்து பார்ப்பான், தன் ஃபோல்டரில் நகல் எடுத்து எப்படி வேண்டுமானாலும் வரைந்து பழகுவான், உங்கள் மூலத்தின் மேல் சேவ் ஆகாது. தறி வீட்டுப் பிள்ளைக்கு இதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

அந்தத் திரையில் 'டினை' என்றும் இருக்கும். அதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரே இடத்தில் கொடுத்த 'அலவ்'வை அது முறியடித்துவிடும். 'யூசர்ஸ்' குழுவுக்கு டினை போட்டால், அந்தக் குழுவில் நீங்களும் இருப்பதால் உங்கள் ஃபோல்டருக்கு வெளியே நீங்களே நிற்பீர்கள்.

இன்னொரு சிக்கல் வரலாம். பழைய பில்லிங் அல்லது டிசைன் சாஃப்ட்வேர் சில, ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட்டில் ஓட மறுக்கும். தம்பியை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். வேண்டாம். பெரும்பாலும் அந்த சாஃப்ட்வேர் தன் சொந்த ஃபோல்டரில் எழுத முடியாமல்தான் திணறும். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் தம்பிக்கு 'மாடிஃபை' கொடுத்துப் பாருங்கள்.

பென் டிரைவில் இந்த அனுமதி எதுவும் நிற்காது என்பதையும் மனதில் வையுங்கள். அவை வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வடிவங்களில் யார் திறக்கலாம் என்று குறித்து வைக்க இடமே இல்லை. அட்டை போடக் கொடுத்தனுப்பும் பென் டிரைவில் அந்த ஒரு டிசைன் மட்டும் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் மகன் பெயரில் நுழைந்து, ஒரு பழைய டிசைனைத் திறக்கப் பாருங்கள். அவனுக்கு 'ரீட்' கொடுத்திருந்தால் திறக்கும்; ஒரு புள்ளியை மாற்றி சேவ் அழுத்துங்கள், மறுக்க வேண்டும். சேவ் ஆகிவிட்டால், 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.