பேஸ்மேக்கரும் செல்போனும்: இளம் மருத்துவக் கட்டுரையாளரின் கையேடு பற்றி

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவருக்குச் செல்போனால் வரக்கூடிய இடையூறு இரண்டு வகை: ரேடியோ அலையால் வருவது, காந்தத்தால் வருவது. நோயாளிகளுக்காக இளம் கட்டுரையாளர் எழுதியிருக்கும் கையேடு முதலாவதை மட்டுமே பேசுகிறது. அலை திசுவைச் சற்றே சூடாக்கும், அயனியாக்காது என்று அவர் விளக்கியிருக்கும் பக்கம் அபாரம். தமிழில் இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம். ஆனால் அவர் நம்பி நிற்கும் வரம்பு, கிலோ திசுவுக்கு 1.6 வாட், உடல் சூடாவதற்கு விதித்தது. கருவி குழம்புவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கையேட்டின் பெருங்குறை, தூரத்தைச் சொல்லாதது. ‘கவனமாகப் பயன்படுத்தவும்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அளவு ஓரிடத்திலும் இல்லை. கவனம் என்றால் நோயாளி என்ன செய்வார்? போனுக்கும் கருவிக்கும் நடுவே 15 சென்டிமீட்டர், அதாவது அரையடி இருக்க வேண்டும். கருவி இடப்பக்கம் இருந்தால் வலக்காதில் பேச வேண்டும். சட்டைப் பையில் போன் கூடாது.

அலைபற்றிய அச்சம் பழையது. தொண்ணூறுகளில் மருத்துவமனை வாசல்களில் செல்போனை அணைக்கச் சொல்லும் பலகைகள் தொங்கின. பேஸ்மேக்கர் இதயத்தின் மிகச் சிறிய மின்துடிப்பைக் கேட்டு இயங்குவது. அன்றைய ஜிஎஸ்எம் போன் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அனுப்பிய அலையைக் கருவி இதயத் துடிப்பென்று எண்ணித் தன் துடிப்பை நிறுத்திவிடலாம் என்ற அச்சம் அர்த்தமுள்ளது. 1997இல் அமெரிக்காவில் 980 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அந்த அச்சத்துக்கு எல்லை கட்டியது: போனைக் கருவியின் மேலேயே வைத்தபோது இடையூறு வந்தது, வழக்கம்போல் காதில் வைத்துப் பேசியபோது சிகிச்சையைப் பாதிக்கும் இடையூறு எதுவும் இல்லை. பின்னர் வந்த கருவிகளில் அலையைத் தடுக்கும் வடிகட்டிகளும் மேம்பட்டன.

காந்தத்தை வடிகட்டி தடுக்காது. அறுவை சிகிச்சையின்போது மருத்துவர் மேலே காந்தம் வைத்துக் கருவியின் போக்கை மாற்றுவதற்காகவே உள்ளே ஓர் உணர்வி இருக்கிறது. சுமார் 10 காஸ் புலமே அதற்குப் போதும். பேஸ்மேக்கர் இதயத்தைக் கேட்பதை விட்டு நிலையான வேகத்தில் துடிக்கும். அதிர்ச்சி கொடுத்து உயிர்காக்கும் டிஃபிப்ரிலேட்டரோ அதிர்ச்சி கொடுக்காமல் இருந்துவிடும். மிச்சிகனின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை மருத்துவர்கள் 2021 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், காந்தம் உள்ள ஐபோன் 12ஐ நோயாளியின் மார்பருகே கொண்டுபோனபோது டிஃபிப்ரிலேட்டருக்கு இதுவே நடந்தது. போனை விலக்கினால் கருவி பழைய நிலைக்குத் திரும்பும். கம்பியில்லாமல் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டர் விலகல் வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனமே அறிவுறுத்துகிறது.

அடுத்த பதிப்பில் அரையடி என்ற அளவும் காந்தமும் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். அலைபற்றிய அந்த நல்ல பக்கம் அதற்குப் பின் வரட்டும்.